ஆர்என்ஏவுடன் பிணையும் புரதங்கள்: எல்லாச் செல்களிலும் இருக்கும் புரதம் பிறழ்ந்தால் ஒரு திசு மட்டும் நோயுறுவது ஏன்?

உயிர்வேதி மாணவி (கேள்வி)

முதுகலை உயிர்வேதியியல் இறுதியாண்டில் படிக்கிறேன். துறைக் கருத்தரங்கில் பேசுவதற்காக ஆர்என்ஏவுடன் பிணையும் புரதங்களைப் பற்றி வாசித்து வருகிறேன். வாசிக்க வாசிக்கத் தெளிவைவிடக் குழப்பமே மிகுகிறது. இத்துறையில் பணிபுரிவோர் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

எங்கள் பாடநூல்களில் மரபணு ஒழுங்குபாடு என்றாலே டிஎன்ஏவின் மீது அமர்ந்து படியெடுத்தலைத் தொடங்கவும் நிறுத்தவும் செய்யும் காரணிகளைப் பற்றித்தான் பக்கம் பக்கமாக இருக்கிறது. படியெடுத்து முடிந்த தூது ஆர்என்ஏ அதன் பிறகு தானாகவே, புரதத்தைக் கட்டும் ரைபோசோமை அடைந்து புரதமாகிவிடும் என்ற எண்ணமே படிப்பவர் மனத்தில் பதிகிறது. ஆனால் மனித மரபணுத்தொகுதியில் ஆர்என்ஏவுடன் பிணையும் புரதங்களுக்கு உரிய மரபணுக்கள் 1,500க்கும் சற்றே மேல் என்று 2014இல் வெளியான ஒரு தொகுப்பு கணக்கிட்டிருக்கிறது. புரதத்தை உருவாக்கும் மரபணுக்கள் மொத்தமே ஏறத்தாழ 20,000தான் எனும்போது இது சிறு பங்கு அன்று. வெறும் மெருகேற்றும் வேலைக்கு இத்தனை புரதங்கள் எதற்கு?

அடுத்த ஐயம், இவற்றின் செயலைப் பற்றியது. ஒரே புரதம் ஒரு கட்டுரையில் தூது ஆர்என்ஏவைச் சிதையாமல் காப்பதாகவும், வேறொரு கட்டுரையில் புரத உற்பத்தியைத் தடுப்பதாகவும் எழுதப்பட்டிருக்கிறது. இரண்டில் எதை அதன் உண்மையான வேலையாகக் கொள்வது?

என்னை மிகவும் உறுத்துவது மூன்றாவது ஐயம். டிடிபி-43 என்னும் ஆர்என்ஏ பிணைப்புப் புரதம் உடலின் ஏறக்குறைய எல்லாச் செல்களிலும் இருக்கிறது. ஆனாலும் அது பிறழும்போது மடிவன இயக்க நரம்பு செல்கள். கல்லீரலுக்கோ தோலுக்கோ ஒன்றும் நேர்வதில்லை. இதற்கு "நரம்பு செல்கள் மென்மையானவை" என்பதைவிட உறுதியான விளக்கம் உண்டா?

ஸ்ப்ளைசிங் ஆய்வர்

உங்கள் இரண்டாவது ஐயத்திலிருந்து தொடங்குகிறேன். அது தெளிந்துவிட்டால் முதல் ஐயத்திற்கு அநேகமாகத் தனி விடை தேவைப்படாது.

இப்புரதங்களின் வேலை இன்னது என்று புரதத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. அது ஆர்என்ஏவின் எந்த இடத்தில் அமர்கிறது, அங்கே வேறு எது அமரவிடாமல் தடுக்கிறது, எதை அருகே அழைத்து வருகிறது என்பவைதான் விளைவைத் தீர்மானிக்கின்றன. இதற்கு இரும்புச்சத்தின் ஒழுங்குபாட்டைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இல்லை. கருத்தரங்கில் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்ல நேரம் இருந்தால் இதையே சொல்லுங்கள்.

செல்லுக்குள் இரும்பைச் சேமித்து வைப்பது ஃபெர்ரிட்டின். வெளியிலிருந்து இரும்பை உள்ளே கொண்டுவருவது டிரான்ஸ்ஃபெரின் ஏற்பி. இவ்விரண்டின் தூது ஆர்என்ஏக்களிலும் ஏறத்தாழ 30 நியூக்ளியோடைடு நீளமுள்ள ஒரு கொண்டையூசி வடிவ மடிப்பு இருக்கிறது. ஃபெர்ரிட்டினின் ஆர்என்ஏவில் அது ஒன்றே ஒன்றாக, ஆர்என்ஏவின் தொடக்கமான 5' முனையை மூடியிருக்கும் தொப்பிக்கு மிக அருகில் இருக்கிறது. ஏற்பியின் ஆர்என்ஏவில் அத்தகைய ஐந்து மடிப்புகள் இறுதியான 3' முனைப் பகுதியில் இருக்கின்றன. இரும்பு குறையும்போது இரும்பு ஒழுங்குபாட்டுப் புரதம் எனப்படும் ஐஆர்பி இரண்டு ஆர்என்ஏக்களிலும் அதே வகை மடிப்பைப் பற்றிக்கொள்கிறது. ஆனால் விளைவுகள் நேர் எதிரானவை. தொப்பிக்கு அருகில் பற்றும்போது ரைபோசோமின் சிறு துணையலகு வந்து அமரும் வழி அடைபடுகிறது, ஃபெர்ரிட்டின் உற்பத்தி நின்றுவிடுகிறது. 3' முனையில் பற்றும்போது ஆர்என்ஏவை வெட்டும் நொதிகளுக்கு இடம் கிடைப்பதில்லை, ஏற்பியின் ஆர்என்ஏ நீடித்து நிற்கிறது, மேலும் மேலும் ஏற்பிகள் உருவாகின்றன. சேமிப்பு குறைந்து வரவு கூடுகிறது. இரும்பு போதாத செல்லுக்கு வேண்டியதும் அதுதான். ஃபெர்ரிட்டினின் மடிப்பைத் தொப்பியிலிருந்து தள்ளி வைத்துப் பார்த்த சோதனைகளில், புரதம் அதைப் பற்றியபோதும் தடை பெருமளவு குன்றியது. எனவே "காக்கிறதா, தடுக்கிறதா" என்று கேட்பதே இங்கு பொருந்தாது.

ஐஆர்பியின் ஒரு வடிவமான ஐஆர்பி1 இன்னொரு வகையிலும் வியப்பானது. இரும்பு மிகுந்திருக்கும்போது அது நான்கு இரும்பு அணுக்களும் நான்கு கந்தக அணுக்களும் கொண்ட ஒரு கொத்தைத் தன்னுள் ஏற்று, சிட்ரேட்டை ஐசோசிட்ரேட்டாக மாற்றும் அக்கோனிட்டேஸ் நொதியாகப் பணிபுரிகிறது. அந்தக் கொத்து இல்லாதபோதுதான் ஆர்என்ஏவைப் பற்றுகிறது. வளர்சிதை மாற்ற நொதி, இரும்பை உணரும் கருவி, மரபணு ஒழுங்குபடுத்தி ஆகிய மூன்றும் ஒரே புரதம்.

இந்த அமைப்பு கெட்டால் என்ன நேரும் என்பதையும் மருத்துவம் காட்டியிருக்கிறது. ஃபெர்ரிட்டினின் இலேசான சங்கிலிக்குரிய மரபணுவில், அந்த மடிப்பு அமைந்த பகுதியில், ஓர் எழுத்து மாறியிருக்கும் குடும்பங்கள் 1995இல் விவரிக்கப்பட்டன. அவர்களிடம் ஐஆர்பி புரதம் நலமாகவே இருக்கிறது. ஆனால் அது பற்றுவதற்கான இடம் சிதைந்திருப்பதால் ஃபெர்ரிட்டின் கட்டுப்பாடின்றி உருவாகிறது. இரத்தத்தில் ஃபெர்ரிட்டின் மிக உயர்ந்திருக்கும், உடலில் இரும்பு மிகுதி இராது, இளவயதிலேயே கண்புரை வரும். இதை இரும்பு மிகை நோய் என்று தவறாக எண்ணிக் குருதியை வெளியேற்றினால் நோயாளி விரைவிலேயே இரத்தசோகைக்கு ஆளாகிறார். புரதத்தை உருவாக்கும் குறியீட்டில் எந்த மாற்றமும் இல்லை என்பதைக் கவனியுங்கள். புரதக் குறியீட்டுப் பகுதியை மட்டும் படித்துப் பார்க்கும் மரபணுச் சோதனை இந்தப் பிழையைத் தவறவிட்டுவிடும்.

ஸ்ப்ளைசிங்கிலும், அதாவது முதலில் படியெடுத்த ஆர்என்ஏவிலிருந்து இன்ட்ரான் என்னும் இடைப்பகுதிகளை வெட்டி நீக்கி எக்ஸான் என்னும் பகுதிகளை ஒட்டும் வேலையிலும், இதே நெறி செல்லும். நரம்பு செல்களில் உள்ள நோவா என்னும் புரதம், எக்ஸானுக்குள்ளோ அதற்கு முன்னுள்ள இன்ட்ரானிலோ பிணைந்தால் அந்த எக்ஸான் பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது. பின்னுள்ள இன்ட்ரானில் பிணைந்தால் அது சேர்த்துக்கொள்ளப்படுகிறது. 2006இல் இவ்விடங்களை எல்லாம் தொகுத்து வரைபடமாக்கியபோது, புதிய எக்ஸான்களில் நோவா எப்படி நடந்துகொள்ளும் என்பதை முன்கூட்டியே சொல்ல முடிந்தது.

மெருகேற்றும் வேலையா என்ற கேள்விக்கு ஓர் எலியே விடை தரும். ஏயு எழுத்துகள் மிகுந்த பகுதிகளைப் பற்றி ஆர்என்ஏவை விரைவில் சிதையச் செய்யும் டிடிபி என்றொரு புரதம் உண்டு (டிரிஸ்டெட்ராப்ரோலின், பெயர் ஒத்திருந்தாலும் டிடிபி-43க்கும் இதற்கும் தொடர்பில்லை, குழம்பாமலிருக்க இதை இனி டிரிஸ்டெட்ராப்ரோலின் என்றே எழுதுகிறேன்). இந்தப் புரதத்தின் மரபணுவை நீக்கிய எலிகள் உடல் மெலிந்து மூட்டழற்சிக்கு ஆளாயின. காரணம், அழற்சியைத் தூண்டும் டிஎன்எஃப் புரதத்தின் ஆர்என்ஏ சிதையாமல் நின்றதுதான். பின்னர் வேறொரு குழு டிரிஸ்டெட்ராப்ரோலினைத் தொடாமல், டிஎன்எஃப் மரபணுவிலிருந்து அந்த ஏயு பகுதியை மட்டும் நீக்கியது. அந்த எலிகளுக்கும் மூட்டழற்சி வந்தது. குடல் அழற்சியும் சேர்ந்தது. படியெடுத்தலில் குறை எதுவும் இல்லை. நிறுத்த வேண்டிய செய்தி உரிய நேரத்தில் நிற்கவில்லை, அவ்வளவுதான்.

நரம்பியல் துறை வாசகர்

மேலே உள்ள விளக்கத்தை அப்படியே ஏற்கிறேன். மூன்றாவது ஐயம் என் துறை சார்ந்தது என்பதால் அதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

இயக்க நரம்பு செல்கள் மடிந்து தசைகள் செயலிழக்கும் ஏஎல்எஸ் நோயில், நோயாளிகளின் அச்செல்களில் காணப்படும் திரள்களின் முக்கியக் கூறு டிடிபி-43 என்று 2006இல் கண்டறியப்பட்டது. முன்மூளை சார்ந்த மறதிநோயில் ஏறத்தாழப் பாதிப் பேரிடமும் அதே திரள்கள் காணப்பட்டன. அதன் மரபணுவிலேயே திடீர்மாற்றம் உள்ள குடும்பங்கள் 2008இலும், எஃப்யுஎஸ் என்னும் இன்னொரு ஆர்என்ஏ பிணைப்புப் புரதத்தில் மாற்றம் உள்ள குடும்பங்கள் 2009இலும் அறியப்பட்டன. இதில் ஒரு நுட்பத்தை மறந்துவிடக் கூடாது: டிடிபி-43 மரபணுவில் மாற்றம் உள்ளவர்கள் மிகச் சிலரே, ஆனால் ஏஎல்எஸ் நோயாளிகளில் 95 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோரிடம் டிடிபி-43 இடம் மாறித் திரண்டிருக்கிறது. அதாவது பெரும்பாலானோரிடம் மரபணு நலமாகவும் புரதம் பிறழ்ந்தும் இருக்கின்றன. எஸ்ஓடி1 மரபணுவால் வரும் ஏஎல்எஸ் இதற்குப் பொதுவாக விலக்கு.

நலமான செல்லில் டிடிபி-43 பெரும்பாலும் உட்கருவில் இருந்து, யுஜி எழுத்துகள் மாறிமாறி வரும் பகுதிகளைப் பற்றிக்கொள்ளும். இன்ட்ரான்களுக்குள் எக்ஸான் போலவே தோன்றும் போலிப் பகுதிகள் பல மறைந்து கிடக்கின்றன. அவற்றை ஸ்ப்ளைசிங் இயந்திரம் தவறுதலாகச் சேர்த்துவிடாமல் தடுப்பது டிடிபி-43இன் முதன்மைப் பணிகளுள் ஒன்று என்று 2015இல் தெளிவாயிற்று. நோயுற்ற செல்லில் புரதம் உட்கருவை விட்டு வெளியேறி சைட்டோபிளாசத்தில் திரளும்போது, அந்தப் போலி எக்ஸான்கள் தூது ஆர்என்ஏவுக்குள் நுழைந்துவிடுகின்றன.

உங்கள் கேள்விக்கான விடையின் ஒரு பாதி இங்கே இருக்கிறது. இவ்வாறு கெடும் ஆர்என்ஏக்களில் முதன்மையானது ஸ்டாத்மின்-2. முதல் எக்ஸானுக்கும் இரண்டாவதுக்கும் இடையே ஒரு போலி எக்ஸான் புகுந்து, செய்தி பாதியிலேயே முடிந்துவிடுகிறது. முழுப் புரதம் உருவாவதில்லை. ஸ்டாத்மின்-2 நரம்பு செல்லின் நீண்ட ஆக்ஸான் பழுதுபட்டால் மீண்டும் வளரத் தேவையானது. பெரும்பாலும் நரம்பு செல்களில் மட்டுமே வெளிப்படுவது. கல்லீரல் செல்லில் டிடிபி-43 குறைந்தாலும் அங்கே கெடுவதற்கு ஸ்டாத்மின்-2 இல்லை. புரதம் பொதுவானது, அதைச் சார்ந்திருக்கும் ஆர்என்ஏக்கள் திசுவுக்குத் திசு வேறானவை. நோய் பின்னதைத் தொடர்ந்து செல்கிறது. யுஎன்சி13ஏ என்ற மரபணுவிலும் இவ்வாறே. அதன் ஓர் இன்ட்ரானில் உள்ள பொதுவான வேறுபாடுகள் ஏஎல்எஸ் வாய்ப்பைக் கூட்டுவதாகப் புள்ளியியல் ஆய்வுகள் நெடுநாளாகச் சொல்லி வந்தன. ஏன் என்பது தெரியாமலே இருந்தது. அந்த வேறுபாடுகள் போலி எக்ஸான் நுழைவதை எளிதாக்குகின்றன என்பது 2022இல் விளங்கியது.

மறுபாதி செல்லின் இயல்பைச் சார்ந்தது. பகுபடும் செல் தன் திரள்களை மகவு செல்களுக்குப் பங்கிட்டு நீர்த்துப்போகச் செய்யலாம். பகுபடாத நரம்பு செல்லுக்கு அந்த வசதி இல்லை. இயக்க நரம்பு செல்லின் ஆக்ஸான் ஒரு மீட்டர்வரை நீள்வதால், தூது ஆர்என்ஏவைப் புரதங்களுடன் பொதிந்து தொலைவுக்கு அனுப்பி அங்கே புரதமாக்கும் தேவையும் அதற்கு மிகுதி. ஆயினும் ஏஎல்எஸ் ஏன் கண்ணை அசைக்கும் நரம்பு செல்களைப் பெரும்பாலும் விட்டுவைக்கிறது என்பதை இவை எதுவும் முழுமையாக விளக்கவில்லை. கருத்தரங்கில் யாரேனும் அதைக் கேட்டால், இன்னும் தீராத கேள்வி என்று சொல்வதில் தவறில்லை.

உயிர்வேதி மாணவி

இருவருக்கும் மிக்க நன்றி. ஃபெர்ரிட்டினில் இடம் கெட்டது, டிடிபி-43இல் புரதம் கெட்டது என்று புரிந்துகொள்கிறேன். புரதமும் நலமாக, அது வழக்கமாகப் பற்றும் இடங்களும் நலமாக இருந்து நோய் வரும் வழி ஏதேனும் உண்டா? மேலும், இந்த அறிவு எந்த நோய்க்காவது மருந்தாகியிருக்கிறதா?

தசைநோய் மருத்துவர்

இரண்டுக்கும் "உண்டு" என்பதே விடை.

முதல் கேள்விக்கு, தசை இறுகி நலியும் மயோட்டானிக் டிஸ்ட்ரோஃபி நோயின் முதலாம் வகை எடுத்துக்காட்டு. டிஎம்பிகே மரபணுவின் 3' முனையில், புரதக் குறியீட்டுக்கு வெளியே, சிடிஜி என்ற மூவெழுத்து திரும்பத் திரும்ப வருகிறது. நலமுள்ளவர்களிடம் 5 முதல் 37 முறை. நோயாளிகளிடம் 50க்கு மேல், சில வேளைகளில் ஆயிரத்தையும் தாண்டும். 1992இல் இது கண்டறியப்பட்டபோது, புரதத்தையே மாற்றாத ஒரு நீட்சி தசையையும் இதயத்தையும் கண்ணையும் இன்சுலின் செயலையும் எப்படி ஒருசேரப் பாதிக்கும் என்பது புதிராக இருந்தது. குற்றவாளி அந்த ஆர்என்ஏதான். நீண்ட சியுஜி ஆர்என்ஏ (டிஎன்ஏவின் டி எழுத்து ஆர்என்ஏவில் யு ஆகிறது) உட்கருவிலேயே தங்கி, எம்பிஎன்எல்1 என்ற ஸ்ப்ளைசிங் புரதத்தைப் பஞ்சு நீரை உறிஞ்சுவதுபோல் ஈர்த்துப் பிடித்துக்கொள்கிறது. புரதம் பழுதின்றி இருக்கிறது, ஆனால் பணியிடத்தில் இல்லை. எம்பிஎன்எல்1 பிறப்புக்குப் பின் பல ஆர்என்ஏக்களைக் கருநிலை வடிவத்திலிருந்து வளர்ந்தோர் வடிவத்துக்கு மாற்றும் புரதம். அது இல்லாமற்போகவே, தசையின் குளோரைடு வாயிலுக்குரிய ஆர்என்ஏவில் சேரக் கூடாத ஓர் எக்ஸான் சேர்ந்து, வாயில் உருவாகாமல் போகிறது. நோயாளி கைகுலுக்கியபின் பிடியை உடனே தளர்த்த முடியாமல் திணறுவதன் காரணம் இதுதான். இன்சுலின் ஏற்பியின் 11ஆம் எக்ஸான் விடுபடுவதால் இன்சுலினுக்கு உடல் சரியாகச் செவிசாய்ப்பதில்லை.

இதற்கான சான்று அழகானது. எம்பிஎன்எல்1ஐ நீக்கிய எலிகளுக்கு, சியுஜி நீட்சி சிறிதும் இல்லாதபோதும், தசை இறுக்கமும் கண்புரையும் வந்தன. நீட்சியைக் கொண்ட எலிகளின் தசையில் எம்பிஎன்எல்1ஐக் கூடுதலாகச் சேர்த்தபோது தசை இறுக்கம் நீங்கியது.

மருந்துக்கு முதுகுத்தண்டுத் தசைநலிவு நோயைப் பாருங்கள். எஸ்எம்என்1 மரபணு இழக்கப்படுவதால் வரும் நோய் இது. மனிதரிடம் ஏறக்குறைய அதே போன்ற எஸ்எம்என்2 என்ற இரட்டை மரபணு இருந்தும் காப்பாற்றுவதில்லை. ஏனெனில் அதன் 7ஆம் எக்ஸானில் ஒரு சி எழுத்து டி ஆகியிருக்கிறது. அம்மாற்றத்தால் அமினோ அமிலம் மாறுவதில்லை, ஆனால் எக்ஸானைச் சேர்க்க உதவும் புரதத்தின் பிடி தளர்ந்து, விலக்கும் புரதங்களின் கை ஓங்குகிறது. பெரும்பாலான ஆர்என்ஏக்களில் 7ஆம் எக்ஸான் விடுபட்டு, நிலையற்ற புரதம் உருவாகிறது. அடுத்துள்ள இன்ட்ரானில் எச்என்ஆர்என்பி ஏ1, ஏ2 ஆகிய புரதங்கள் அமர்ந்து விலக்கலுக்குத் துணைபோகும் ஒரு சிறு பகுதி கண்டறியப்பட்டது. நூசினெர்சென் என்ற மருந்து அந்த இடத்தை மூடிக்கொள்ளும் 18 எழுத்து நீளமுள்ள செயற்கைத் துண்டு. விலக்கும் புரதங்களுக்கு இடம் இல்லாமல் போகிறது, எக்ஸான் சேர்கிறது, முழுப் புரதம் கிடைக்கிறது. 2016 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதற்கு ஒப்புதல் அளித்தது. இரத்தத்திலிருந்து மூளைக்குள் புக முடியாததால் தண்டுவட நீரில் ஊசியாகச் செலுத்த வேண்டியிருக்கிறது. அதே எக்ஸானைச் சேர்க்கச் செய்யும் ரிஸ்டிப்ளாம் என்ற வாய்வழி மருந்து 2020இல் வந்தது. இரண்டுமே மரபணுவைத் தொடுவதில்லை. தொடக்கத்திலேயே, அறிகுறி தோன்றும் முன்பே கொடுத்தால் பலன் மிகுதி. மடிந்த நரம்பு செல்களை எந்த மருந்தும் மீட்பதில்லை.

தரவு ஆய்வர்

நோய்களைப் பற்றி நண்பர்கள் எழுதியதில் சேர்க்க என்னிடம் ஒன்றும் இல்லை. ஆனால் கேள்வியிலுள்ள அந்த 1,500 என்ற எண்ணைப் பற்றி ஓர் எச்சரிக்கை.

அந்தத் தொகுப்பு, ஆர்என்ஏவைப் பற்றும் அறியப்பட்ட புரதப் பகுதிகளையும் முன்னைய ஆய்வுகளையும் வைத்துத் தொகுக்கப்பட்டது. ஆர்ஆர்எம் என்னும், ஏறத்தாழ 90 அமினோ அமிலம் நீளமுள்ள பகுதி அவற்றுள் மிகப் பரவலானது. 2012 முதல் வேறொரு வழியும் வந்தது: உயிருள்ள செல்லின் மீது 254 நானோமீட்டர் புறஊதா ஒளியைப் பாய்ச்சி, ஆர்என்ஏவை ஒட்டியிருக்கும் புரதங்களை அதனுடன் நிலையாகப் பிணைத்து, தூது ஆர்என்ஏவைப் பிரித்தெடுத்து, உடன் வருவன எவை என்று பார்ப்பது. ஒரே செல்வகையிலிருந்து சுமார் 800 புரதங்கள் கிடைத்தன. அவற்றில் சர்க்கரையைச் சிதைக்கும் நொதிகள்கூட இருந்தன. ஐஆர்பி1இன் கதையை அறிந்தவர்களுக்கு இது முழு வியப்பு அன்று. ஆயினும் தொட்டுக்கொண்டிருப்பது வேறு, ஒழுங்குபடுத்துவது வேறு. செல்லில் மிகுதியாக இருக்கும் எந்தப் புரதமும் தற்செயலாக ஆர்என்ஏவை உரசக்கூடும்.

பிணையும் இடங்களின் பட்டியலுக்கும் இதுவே பொருந்தும். ஒரு புரதத்துக்குப் பல்லாயிரம் இடங்கள் கிடைக்கும். புரதத்தை நீக்கினால் அவற்றில் சிலவற்றில்தான் ஏதேனும் மாறும். புறஊதா ஒளி யு எழுத்தை விரும்பிப் பிணைக்கும் என்பதால் பட்டியலே ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். மேலும் 2020இல் வெளியான பெருந்தொகுப்பு 150 புரதங்களின் பிணைப்பிடங்களைத் தந்தபோதும், அவை கல்லீரல் புற்றுச் செல், இரத்தப் புற்றுச் செல் என்னும் இரண்டே வகைகளில் அளக்கப்பட்டவை. அவற்றில் ஸ்டாத்மின்-2ஐத் தேடினால் என்ன கிடைக்கும் என்பதை மேலே உள்ள பதிலிலிருந்தே ஊகிக்கலாம்.

எலி மாதிரிகளிலும் இதே சிக்கல் உண்டு. ஸ்டாத்மின்-2இன் அந்தப் போலி எக்ஸான் எலியில் இல்லை. எனவே டிடிபி-43ஐ இழந்த எலியில் அந்தக் கேடு தோன்றவே தோன்றாது. மனித நரம்பு செல்களை வளர்த்துப் பார்த்த பிறகே அது 2019இல் கண்ணில் பட்டது. உங்கள் உரையில் ஒரு புரதம் "இன்ன மரபணுவை ஒழுங்குபடுத்துகிறது" என்று எழுதும் ஒவ்வோர் இடத்திலும், பிணைப்பிடத்தை மட்டும் சிதைத்த சோதனை நடந்திருக்கிறதா, எந்தச் செல்லில், எந்த உயிரினத்தில் என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள். டிஎன்எஃப் எலியிலும் ஃபெர்ரிட்டின் குடும்பங்களிலும் அது நடந்திருக்கிறது. பின்னதில் அந்தச் சோதனையை இயற்கையே செய்து முடித்திருக்கிறது.